தொடை இடுக்கில் வலி என்றால் எந்த இடத்தில் வலி?

தம்பி, உங்கள் கேள்வி கொஞ்சம் நீளம். படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 34. பிறை நகரில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட். புதன்கிழமை இரவு நண்பர்களோடு ஃபுட்சால், அதாவது சின்ன மைதானத்தில் ஐவர் காற்பந்து. நான்கு மாதமாக வலது தொடை இடுக்கில் வலி. மூன்று முறை உருட் என்கிற மலாய்த் தேய்ப்புக்குப் போய் எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. கிளினிக்கில் மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு. வலி போனது. மறுபடி ஆடப் போன பத்தாவது நிமிடம் திரும்பி வந்தது. அப்புறம் ஸ்கேன் எடுத்ததில் "சிறிய குடலிறக்கம்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, பத்து வாரத்தில் வரும் போட்டியில் ஆடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் பினாங்கில் 19 வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். இந்த இடத்து வலிக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு, அது வெட்கம். ஆண்கள் வந்து உட்கார்ந்ததும் "இடுப்பு வலிக்குதுக்கா" என்பார்கள். பெண்கள் "அடிவயிறு" என்பார்கள். ஒரு லாரி ஓட்டுநர் பதிவுத் தாளில் முதுகு வலி என்றே எழுதிவிட்டார். பத்து நிமிடம் அவர் முதுகைத் தேடியபிறகுதான் "அங்க இல்லக்கா, முன்னாடி" என்றார். நீங்கள் இடத்தையாவது சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் சரியாகச் சொல்ல வேண்டும்.

உள்ளங்கையை வைத்துக் காட்டாமல், ஒரே ஒரு விரலால் காட்டுங்கள். எங்கே அதிகம் வலிக்கிறது?

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், தொடை இடுக்கு ஒரு நாற்சந்தி. வயிற்றுச் சுவர் மேலிருந்து வந்து அங்கே முடிகிறது. தொடைத் தசைகள் கீழிருந்து ஏறி அங்கே பிடிக்கின்றன. ஆழத்தில் இடுப்பு மூட்டு. பக்கத்திலேயே பெரிய இரத்தக்குழாய், நரம்பு, நெறி என்கிற நிணநீர்ச் சுரப்பி, ஆண்களுக்கு விதைப்பைக்குப் போகும் குழாய். மாலை ஆறு மணிக்கு கிரீன் லேன் சிக்னலில் நின்றுகொண்டு ஹாரன் அடித்தது எந்த வண்டி என்று கண்டுபிடிக்கிற கதைதான். பல வருடமாக மருத்துவர்களே இந்த வலிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2014இல் தோஹாவில் 14 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் உட்கார்ந்து, விளையாடுகிறவர்களின் தொடை இடுக்கு வலியை நான்காகப் பிரித்தார்கள்: உள்தொடைத் தசையில் வருவது, தொடையைத் தூக்கும் தசையில் வருவது, வயிற்றுச் சுவர் தொடையோடு சேரும் மடிப்பில் வருவது, நடு எலும்பில் வருவது. இடுப்பு மூட்டிலிருந்து வருவதையும் மற்றதையும் தனியாக வைத்தார்கள். இந்தப் பிரிவுக்கு ஸ்கேன் தேவையில்லை. கேட்பது, அழுத்திப் பார்ப்பது, தசையை வேலை செய்ய வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான்.

உங்களுக்கு எது என்று இங்கிருந்து சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்குப் போதுமான துப்பு: "பக்கப் பாதத்தால் பாஸ் கொடுக்கும்போது கத்தியால் குத்தின மாதிரி." உள்பாதத்தால் பந்தைத் தள்ளுவது பெரும்பாலும் உள்தொடைத் தசையின் வேலை. காலை அகட்டி விரிக்கும்போது காலை உடம்போடு இழுத்துப் பிடிப்பதும் அதுதான். ஃபுட்சால் மைதானம் சின்னது. நீண்ட ஓட்டம் குறைவு, திரும்புவதும் நிறுத்துவதும் நீட்டி எடுப்பதும்தான் அதிகம். பூப்பந்து ஆடுகிறவர்களுக்கும் இதே கதை, வலைப்பக்கம் காலை நீட்டிப் போடும்போது.

சோதிப்பது எப்படி என்று சொல்கிறேன், வீட்டில் தம்பியையோ மனைவியையோ வைத்துச் செய்து பாருங்கள். காலை நீட்டி மல்லாந்து படுங்கள். இரண்டு கணுக்காலுக்கும் நடுவே அவர் முன்கையை வைக்கட்டும். ஐந்து நொடி, இருக்கிற பலத்தோடு நெருக்குங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 0 முதல் 2 வரை பச்சை விளக்கு. 3, 4, 5 மஞ்சள். 6உம் அதற்கு மேலும் சிவப்பு, அன்றைக்கு விளையாட்டுப் பேச்சே வேண்டாம். போன மாதம் ஒருவர் வந்தார், நல்ல வாட்டசாட்டம். நெருக்கச் சொன்ன இரண்டாவது நொடியில் மூச்சை உள்ளே இழுத்தார், கை தானாகப் போய்த் தொடையின் உச்சியில், தசையை எலும்போடு கட்டும் நாண் ஒன்று கெட்டியாகத் தட்டுப்படுமே, அதைப் பிடித்துக்கொண்டது. "ஏழு" என்றார். அவரும் குடலிறக்கம் என்ற ஸ்கேன் தாளோடுதான் வந்திருந்தார்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவரில் பலம் குறைந்த இடம் வழியாக உள்ளே இருக்கிற கொழுப்போ குடலோ வெளியே தள்ளுவது. பெரியவர்கள் "குடல் இறங்கிடுச்சு" என்பார்கள், மலாய்க்காரர்கள் புருட் என்பார்கள். ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. நின்றால், இருமினால், முக்கினால் ஒரு வீக்கம் எழும்பும், படுத்தால் அடங்கும். உங்களுக்கு அப்படி வீக்கம் இருக்கிறதா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத, கைக்குத் தட்டாத சின்னத் துருத்தலை ஸ்கேன் காட்டிக் கொடுத்துவிடும். வலியே இல்லாதவர்களுக்கும் காட்டும். எம்ஆர்ஐயும் அப்படித்தான், நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற காற்பந்து ஆட்டக்காரர்களின் எலும்பிலும் நாணிலும்கூட மாற்றங்கள் தெரிவது உண்டு. தாளில் இருப்பது பொய் என்று சொல்லவில்லை. உங்கள் வலி அதிலிருந்துதான் வருகிறதா என்பது வேறு கேள்வி.

உண்மையிலேயே சின்னக் குடலிறக்கம் இருந்தாலும் அவசரம் இல்லை. வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. பெரிதாகத் தொல்லை தராத குடலிறக்கம் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு அறுவை, ஒரு பாதிக்குக் கண்காணிப்பு மட்டும். காத்திருந்தவர்களில் குடல் மாட்டிக்கொண்டு அவசரமாக ஓடியவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் பத்து வருடத்தில் மூன்றில் இரண்டு பேர் வலி கூடி அறுவைக்கு வந்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆக, என்றைக்காவது ஒருநாள் வலை வைத்துத் தைக்க வேண்டிவரலாம். ஆனால் தசை வலிக்கு வயிற்றுச் சுவரைத் தைத்தால் தசை வலி அப்படியே இருக்கும். அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அந்த இடத்தில் நீடித்த வலி தங்குகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். என் கருத்து: மூன்று மாதம் தசைக்கு ஒழுங்காக வேலை கொடுத்துவிட்டு, அப்புறம் அறுவை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெண்களுக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தொடை மடிப்புக்குக் கீழே வரும் குடலிறக்கம் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும் வகை. அங்கே உருண்டை தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது.

இனிச் சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் இதைச் சொல்லாமல் பயிற்சியைச் சொல்வது தப்பு. பையன்களுக்குத் திடீரென்று ஒரு பக்கம் விதைப்பையிலோ தொடை இடுக்கிலோ கடுமையான வலி, கூடவே வாந்தி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும், தாமதமானால் விரையையே இழக்க நேரும். பத்து வயதுக்கு மேல் இருக்கிற ஆண் பிள்ளைகள் அம்மாவிடம் வாய் திறக்காமல் விடியும்வரை போர்வைக்குள் சுருண்டு கிடப்பார்கள். வீட்டில் பையன் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடலிறக்க வீக்கம் கல்லாக இறுகி, உள்ளே போகாமல், வாந்தி வந்தாலும் அதே அவசரப் பிரிவுதான். முதுகின் பக்கவாட்டில் தொடங்கி அலை அலையாக முன்னால் இறங்கும் வலி, ஆள் ஒரு நிலையில் இருக்க முடியாமல் புரள்கிறார் என்றால் பெரும்பாலும் சிறுநீரகக் கல். காய்ச்சலோடு காலை ஊன்றவே முடியாவிட்டால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டும். பருமனான பள்ளிப் பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எலும்பின் தலை வழுக்கியிருந்தாலும் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும்.

நெறி கட்டுவது இன்னொரு வகை. தைப்பூசம் முடிந்த வாரம் எங்களுக்கு இது வழக்கம். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி வெறுங்காலில் ஏறி இறங்கி, பாதத்தில் கொப்புளம் உடைந்து, மூன்றாம் நாள் தொடை இடுக்கில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு வலிக்கும். மருந்து காலில் போட வேண்டும், தொடையில் இல்லை. சர்க்கரை உள்ளவர் என்றால் அந்தக் கொப்புளத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நெறி இரண்டு மூன்று வாரத்தில் கரையாவிட்டாலும் காட்டுங்கள்.

அப்புறம் இடுப்பு மூட்டு. மூட்டில் வலி உள்ளவர் விரலால் காட்ட மாட்டார். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் பிறைநிலா மாதிரி வளைத்து இடுப்பையே பற்றிக் காட்டுவார். கோயிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு முழங்கால் மட்டும் தரைக்கு வராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். காரிலிருந்து இறங்கும்போது முதல் காலை வெளியே வைப்பதற்குள் முகம் சுளிக்கும். கால் நகம் வெட்ட முடியாது. ஐம்பது தாண்டியவர் தொடை இடுக்கு வலி என்று வந்தால் நான் முதலில் மூட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

நான் தவறவிட்டது ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பினாங்குப் பாலத்து மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தார். தொடை முன்பக்கம் வலி. தசைப் பிடிப்பு என்று நினைத்து இரண்டு வாரம் நீட்டல் பயிற்சியும் சூடும் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் பரவாயில்லை" என்றார், எனக்கு மரியாதைக்காக. மூன்றாவது வாரம் "ராத்திரி புரண்டு படுத்தால்கூட வலிக்குது" என்றார். ஒற்றைக் காலில் லேசாகக் குதிக்கச் சொன்னேன், முடியவில்லை. எக்ஸ்ரே சுத்தம். எம்ஆர்ஐயில் தொடை எலும்பின் கழுத்தில் விரிசல். உள்பக்க விரிசல் என்பதால் ஊன்றுகோலோடு தப்பித்தார்; வெளிப்பக்கமாக இருந்திருந்தால் திருகாணி போட வேண்டியிருந்திருக்கும். அன்றிலிருந்து ஓடுகிறவர் யார் தொடை இடுக்கு வலி என்று வந்தாலும், "ராத்திரி வலிக்குதா, ஓடும் தூரத்தைச் சமீபத்தில் கூட்டினீங்களா, மாதவிடாய் ஒழுங்கா வருதா" என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

சரி, உங்கள் சிகிச்சை. உருட் போனதைக் குறை சொல்ல மாட்டேன். தேய்த்தால் இரண்டு நாள் சுகம், அது உண்மை. ஆனால் அந்தச் சுகத்தில் தசைக்குப் பலம் கூடாது. 1999இல் டென்மார்க் மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். உங்களைப் போல மாதக்கணக்கில் உள்தொடை வலியோடு இருந்த 59 ஆட்டக்காரர்கள். ஒரு குழுவுக்குத் தேய்ப்பு, லேசர், மின் சிகிச்சை, நீட்டல். இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், 8 முதல் 12 வாரம். பயிற்சிக் குழுவில் 29 பேரில் 23 பேர் வலியில்லாமல் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மற்றக் குழுவில் 30 பேரில் 4 பேர். இவ்வளவு தெளிவான வித்தியாசம் எங்கள் துறையில் அடிக்கடி கிடைப்பதில்லை. உங்கள் இரண்டு வார ஓய்வு ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஓய்வில் வலி அடங்கும், தசை இன்னும் தளரும். தளர்ந்த தசையோடு புதன்கிழமை இறங்கினால் பத்து நிமிடம்தான் தாங்கும்.

முதல் இரண்டு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பழைய காற்பந்து ஒன்று வீட்டில் இருக்கும். இல்லையென்றால் துண்டை இறுக்கிச் சுருட்டிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்துக் காலை நீட்டி, பந்தைப் பாதங்களுக்கு நடுவே வைத்து 30 நொடி நெருக்குங்கள். பத்து முறை. அப்புறம் முழங்காலை மடக்கி, பந்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்து இன்னொரு பத்து முறை. கேட்க எளிது, ஆறாவது முறையில் தொடை நடுங்கும். கூடவே வயிற்றுத் தசைப் பயிற்சி. வலி 2க்குள் இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை எழுந்ததும் முந்தின நாளைவிட மோசமாக இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். உங்கள் இரவு ஷிப்ட் வாரத்தில் வேலை முடிந்து வந்து செய்யாதீர்கள், தூங்கி எழுந்து செய்யுங்கள். அலுப்போடு செய்கிறவர்கள்தான் எண்ணிக்கையை ஏமாற்றுவது, இது என் அனுபவம்.

மூன்றாம் வாரத்திலிருந்து காலை அசைத்துச் செய்யும் பயிற்சி. பக்கவாட்டில் படுத்துக் கீழ்க்காலைத் தூக்குவது. கணுக்காலில் ரப்பர் பட்டை மாட்டி, நின்றபடி காலை உள்ளே இழுப்பது. மெதுவாகப் பக்கவாட்டில் நடப்பது. நெருக்கும் சோதனை பச்சைக்கு வந்தபிறகு கோபன்ஹேகன் பயிற்சி. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றிப் படுத்து, மேல்காலை நாற்காலிமேல் வைத்து, அந்த மேல்காலால் அழுத்தியே உடம்பைத் தரையிலிருந்து தூக்கி, கீழ்க்காலை மேல்காலோடு சேர்த்து, மெதுவாக இறக்குவது. மாமாக் கடை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். சோபா ஓரம் நல்லது. ஆரம்பத்தில் கணுக்காலுக்குப் பதில் முழங்காலை சோபாமேல் வையுங்கள், பாரம் குறையும். பக்கத்துக்கு ஐந்து முறை, அப்புறம் எட்டு, அப்புறம் பன்னிரண்டு. முதல் தடவை செய்த மறுநாள் மாடிப்படி இறங்கும்போது என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. நார்வேயின் காற்பந்துக் குழுக்கள் இந்த ஒரே பயிற்சியைச் செய்தபோது தொடை இடுக்குத் தொல்லை 41 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். குணமான பிறகும் வாரம் ஒரு முறை விடாமல் செய்யுங்கள்.

மாத்திரை பற்றி இரண்டே விஷயம். இபுபுரோஃபென் வகை மாத்திரைகளைச் சில நாளுக்கு மேல் தொடராதீர்கள். கேஸ்ட்ரிக், சிறுநீரகத் தொல்லை, இரத்த அழுத்தம் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இன்னொன்று, "உடம்பு வலிக்கு அற்புத மூலிகை" என்று இணையத்திலும் இரவுச் சந்தையிலும் விற்கிற காப்சூல்கள். நமது சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட சரக்கில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும், தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகவும் கூடும். அதன் முதல் அறிகுறி என்ன தெரியுமா? தொடை இடுக்கு வலி. டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லையென்றால் கீழே வையுங்கள். நீங்கள் ஏற்கெனவே அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் டப்பாவோடு போங்கள். உடம்பு ஸ்டீராய்டுக்குப் பழகியிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனால் நிபுணரைப் பார்க்கவும் கட்டணம் குறைவுதான். காத்திருக்கும் நேரம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். காத்திருக்கும் வாரங்களில் பந்தை நெருக்கிக்கொண்டிருங்கள்.

போட்டிக்கு வருவோம். முதலில் நேர்க்கோட்டில் மெது ஓட்டம், அது வலியில்லாமல் 20 நிமிடம் போனபிறகு வளைந்து ஓடுவது, அப்புறம் நின்று திரும்புவது, அதற்குப் பிறகு பாஸ், கடைசியில்தான் ஓங்கி உதைப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். அந்த டென்மார்க் ஆய்வில் குணமானவர்கள் ஆட்டத்துக்குத் திரும்பவே நடுத்தரக் கணக்கில் 18 வாரத்துக்கு மேல் ஆனது. உங்களிடம் இருப்பது பத்து வாரம். முடியாது தம்பி. "ஓட வேண்டாம், கோலியாக (கோல் காப்பாளராக) மட்டும் நிற்கிறேனே" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஃபுட்சாலில் காலை அதிகம் அகட்டி விழுகிறவரே கோலிதான். இந்தத் தடவை ஸ்கோர் எழுதுங்கள்.